சதுரகிரிக்கு கைக்குழந்தையோட போலாமா?

கேள்வி (27.1.2019):
மகா சிவராத்திரிக்கு சதுரகிரி மலைக் கோயிலுக்கு போலாம்னு வீட்ல பேச்சு ஓடுது. பையனுக்கு 8 மாசம், பொண்ணுக்கு 4 வயசு. தூக்கிட்டே ஏறிரலாம், எங்க காலத்துல எல்லாரும் அப்படித்தான் போனோம்னு மாமனார் சொல்றாரு. சின்னப் பிள்ளைகளோட யாராவது போயிருக்கீங்களா? பாதை எப்படி?

28.1.2019, ராத்திரி

தாராளமா போலாம். நாங்க இப்பதான் தைப் பௌர்ணமிக்கு போயிட்டு வந்தோம், பாப்பாவுக்கு 9 மாசம், பெரியவனுக்கு 5 வயசு. ஒண்ணும் ஆகல. வத்திராயிருப்பு வழியா மலையடிவாரம் தாணிப்பாறைக்கு போயிருங்க, காலையில கேட் திறக்குறப்பவே நின்னுரணும், லேட்டா போனா கூட்டமும் வெயிலும் சேர்ந்து வந்துரும். பை எல்லாம் செக் பண்ணுவாங்க, பிளாஸ்டிக், தீப்பெட்டி, பீடி எதுவும் வேணாம். அடிவாரத்துல ஊனி நடக்க கம்பு விப்பாங்க, யோசிக்காம வாங்கிருங்க. பயப்படாதீங்க.

29.1.2019

நேத்து தூக்கக் கலக்கத்துல எழுதுனது, பாதை பத்தி ஒண்ணுமே சொல்லல. பழனி மாதிரி படிக்கட்டு இருக்கும்னு நினைச்சு வந்துறாதீங்க. கொஞ்ச தூரம் நல்லா இருக்கும், அப்புறம் பாறை, வேரு, உருண்டைக் கல்லு, ஓடை. வழுக்குப்பாறைன்னு பேரு வச்சவன் பொய் சொல்லல. சங்கிலிப்பாறையில சங்கிலி போட்டிருக்காங்கன்னா எதுக்கு போட்டிருப்பாங்கன்னு யோசிச்சுக்கோங்க. பெரியவங்க மூணு நாலு மணி நேரத்துல ஏறிருவாங்க, 5 வயசுக்காரனோட போனா அந்தக் கணக்கை தூக்கி ஓடையில போட்டுறணும். அவனுக்கு ஒவ்வொரு கல்லும் ஒரு வேலை. வழியில குங்குமம் வச்ச கல்லப் பாக்குறப்பல்லாம் "சாமி இதுதானா, திரும்பிரலாமா"ன்னு கேட்டான். பதினோரு தடவை கேட்டான், நான் எண்ணுனேன்.

29.1.2019, சாயங்காலம்

பிள்ளைய கட்டித் தூக்குற கேரியர் பத்தி கேட்டிருக்கீங்க. இதுல நான் காசு கொடுத்துப் படிச்ச பாடம் இருக்கு.

நாங்க எடுத்துட்டுப் போனது ஆன்லைன்ல வாங்குன துணி கேரியர், இடுப்புல பெல்ட், தோள்ல ரெண்டு பட்டை. முன்னாடி கட்டுனா பாப்பா முகம் பாக்கலாம், மூச்சு விடுறது தெரியும், பால் குடுக்கலாம், எல்லாம் சரி, ஆனா உங்க கால் உங்களுக்குத் தெரியாது. சமதரையில இது ஒரு விஷயமே இல்ல, கல்லுப் பாதையில இறங்குறப்ப அடுத்த காலை எங்க வைக்கிறதுன்னு தெரியாம குருட்டாம்போக்குல வைக்கணும். சரின்னு முதுகுல கட்டுனா கால் தெரியும், பிள்ளை தெரியாது. நாம குனிஞ்சு போயிருவோம், தாழ்வா கிடக்குற கிளை நேரா அது மூஞ்சில அடிக்கும். பாப்பா கன்னத்துல ஒரு கீறல் அப்படித்தான் வந்துச்சு. அதனால முதுகுல கட்டுனா பின்னாடி ஒரு ஆள் வந்தே ஆகணும், அந்த ஆளுக்கு வேற வேலை எதுவும் கொடுக்கக் கூடாது, பை கூட.

இன்னொன்னு, உங்க பையனுக்கு 8 மாசம்னு சொல்றீங்க, உதவி இல்லாம உக்காருறானா? கழுத்து நிக்காத, உக்காரத் தெரியாத பிள்ளைய முதுகு கேரியர்ல வைக்கக் கூடாது. கம்பி ஃபிரேம் வச்ச பெரிய கேரியர் இருக்கு, நிழலுக்கு மேல கூரை எல்லாம் இருக்கும், ஆனா அதுவே சும்மா மூணு கிலோ வரும். பிள்ளை எட்டு கிலோ, தண்ணி ரெண்டு கிலோ, துணி ஒரு கிலோன்னு கூட்டிப் பாருங்க, அரிசி மூட்டை தூக்குறவங்க தவிர மத்தவங்களுக்கு மூச்சு வாங்கும்.

கால் தொங்கக் கூடாது, முட்டி இடுப்பை விட கொஞ்சம் மேல, தவளை மாதிரி மடங்கி இருக்கணும். எங்க அப்பத்தா சேலைய முதுகுல வரிஞ்சு கட்டுனா அப்படித்தான் உக்காரும், யாரும் சொல்லிக் குடுக்கல.

30.1.2019

"மேல வரைக்கும் போனீங்களா"ன்னு ஒருத்தங்க ஒரே வரியில கேட்டிருக்காங்க.

சரி. மேல வரைக்கும் போகல. மாமா, அதான் என் மாமனார், அவரு மட்டும்தான் மேல கோயில்ல சுந்தரமகாலிங்கத்த பாத்தாரு. நான், என் வீட்டுக்காரர், பிள்ளைக ரெண்டு பேரு, அத்தை எல்லாரும் வழியில இருக்குற இரட்டை லிங்கத்தோட திரும்பிட்டோம். "போயிட்டு வந்தோம்"னு எழுதுனது பொய் இல்ல, ஆனா முழுசா உண்மையும் இல்ல. ஊர்லயும் அப்படித்தான் சொல்லிட்டு இருக்கேன்.

30.1.2019

ஏன் திரும்புனோம்னா, கோரக்கர் குகை தாண்டி ஒரு நிழல்ல உக்காந்து பாப்பாவுக்கு துணி மாத்தப் போனேன், காஞ்சு கிடந்துச்சு. காலையில அஞ்சரைக்கு மாத்துனது. மணி அப்ப பதினொண்ணரை. ஆறு மணி நேரம் ஒண்ணுக்கு போகாம இருந்தா தண்ணி பத்தலன்னு அர்த்தம், இது பெரியவன் பிறந்தப்பவே நர்ஸ் சொல்லி மண்டையில ஏத்திக்கிட்டது. அதுவும் பாப்பா அழவே இல்ல, அதான் பிரச்சனை. நடக்குறப்ப ஆடிக்கிட்டே வர்றதுல நல்லா தூங்கிருச்சு, தூங்குனதால பால் கேக்கல, கேக்காததால நானும் "ஆகா, சமத்து"ன்னு சந்தோசமா நடந்திருக்கேன். கைய தொட்டுப் பாத்தா ஜில்லுன்னு இருக்கு. எனக்கு வேர்த்து ஊத்துது, ரவிக்கை முதுகோட ஒட்டிக் கிடக்கு, பாப்பாவுக்கு கை ஜில்லு. நாம நடக்குறோம், உடம்பு சூடாகும், அது சும்மா தொங்கிட்டு வருது, நம்ம வேர்வையும் அது சட்டைய நனைச்சு வச்சிருக்கு, நிழல்ல காத்தடிச்சா அதுக்கு குளிரும். நமக்கு எப்படி இருக்குன்னு வச்சு பிள்ளைக்கு சட்டை போடக் கூடாதுன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு.

பால் குடுத்து, சட்டை மாத்தி, முக்கால் மணி நேரம் உக்காந்தோம். அப்புறம் ஒண்ணுக்கு போச்சு. அத்தை கையெடுத்துக் கும்பிட்டாங்க, நெசமாத்தான். இன்னும் கொஞ்ச தூரம்னு இரட்டை லிங்கம் வரைக்கும் போயி அங்கேயே சூடம் காட்டாம கும்பிட்டுட்டு திரும்பிட்டோம்.

31.1.2019

சூடம்னு எழுதுனதும் ஞாபகம் வந்துச்சு. மலை ஏறுறப்ப மூச்சு வாங்குனா சூடத்த மோந்து பாக்குறது நம்ம ஆளுகளுக்கு பழக்கம். அத்தை நல்ல மனசோட பாப்பா சட்டையில ஒரு துண்டு சூடத்த முடிஞ்சு விட்டிருந்தாங்க. தயவு செஞ்சு வேணாம். வாயில போட்டுக்கிட்டா வலிப்பு வரும், கொஞ்சம் போதும். கைக்குழந்தைக்கு மூக்குகிட்ட தைலம், சூடம் எதுவும் தடவக் கூடாது. நான் அவுத்து எறிஞ்சேன், அதுக்கு ரெண்டு நாள் பேச்சு இல்ல வீட்ல. இப்ப பேசிட்டோம்.

31.1.2019

டயபர் கேட்டவங்களுக்கு: எத்தனை போடுறீங்களோ அத்தனையும் திரும்ப கீழ கொண்டு வரணும். அது காடு, 1988லயே சாம்பல் நிற அணிலுக்காக சரணாலயம் ஆக்குன இடம், யானை இருக்கு, குரங்கு இருக்கு. புதைச்சாலும் குரங்கு தோண்டும். நான் பழைய வேட்டி கிழிச்சு பதினஞ்சு துணி கொண்டு போனேன், ஈரமானத தனியா ஒரு துணிப்பையில. வீட்டுக்கு வந்து அந்தப் பைய தொறந்தப்ப சாமி கும்பிட்ட புண்ணியம் எல்லாம் போயிருச்சு.

1.2.2019

தின்பண்டம்: பெரியவனுக்கு கோவில்பட்டி கடலை மிட்டாய்தான் பெட்ரோல். ஒரு வளைவுக்கு ஒரு துண்டுன்னு பேரம். ஆனா 4 வயசுப் பொண்ணுக்கு கொடுக்குறப்ப உக்கார வச்சு கொடுங்க, நடந்துட்டே மூச்சு வாங்கிட்டே கடலைய மென்னா புரையேறும், அங்க புரையேறுனா யாரு இருக்கா. சின்னவனுக்கு கடலை கிட்டயே காட்டாதீங்க. தேனும் ஒரு வயசு வரைக்கும் கிடையாது, வழியில மலைத் தேன்னு விப்பாங்க, நாக்குல தடவுங்கன்னு பக்கத்துல வர்றவங்க சொல்வாங்க, சிரிச்சுட்டே நடந்துருங்க.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒரு லிட்டர் அளவுன்னா முழுசையும் ஒரு லிட்டர் தண்ணியில கரைக்கணும், சின்ன பாட்டில்ல பாதி பாதியா கண்ணளவுல கொட்டுறது தப்பு, உப்பு ஏறிரும். இதுவும் நான் பண்ணப் போயி அவர் கையப் புடிச்சு நிறுத்துனாரு.

1.2.2019, ராத்திரி

அணில் பாத்தோம்! இத எப்படி விட்டேன். சங்கிலிப்பாறை தாண்டி ஒரு பெரிய மரத்துல, பூனை அளவு இருக்கும், வாலு மட்டும் அது உடம்பு நீளத்துக்கு. "அப்பா, ராமர் இதுக்கு தடவிக் குடுக்கலயா, கோடு இல்லயே"ன்னு பெரியவன் கேட்டான். அந்த ஒரு அணிலுக்காக அரை மணி நேரம் முனங்காம நடந்தான். சின்னப் பிள்ளைகளுக்கு உச்சி, கோயில் எல்லாம் ஒரு பொருட்டே இல்ல, அடுத்த இருபது அடியில என்ன இருக்குங்கிறதுதான்.

3.2.2019

பெரியவனுக்கு நேத்துல இருந்து காய்ச்சல். ரெண்டு நாள் கழிச்சு வர்றேன்.

8.2.2019

இது கொஞ்சம் பெருசா இருக்கும், பொறுத்துக்கோங்க.

காய்ச்சல் 102, 103னு ஏறிட்டே இருந்துச்சு. முதல்ல பக்கத்துல ஒரு கிளினிக்ல காமிச்சோம், வைரல்னு சொல்லி சிரப் கொடுத்தாங்க. மூணு நாள் ஆகியும் இறங்கல, தலைவலி, கண்ணு சிவப்பு, சோறு வேணாம், எந்நேரமும் படுத்தே கிடந்தான். அஞ்சாவது நாள் வேற ஆஸ்பத்திரி. அந்த டாக்டரம்மா முதல்ல கேட்ட கேள்வி "காட்டுப் பக்கம், தோட்டம், புதர்னு எங்கயாவது போனீங்களா, ரெண்டு வாரத்துக்குள்ள?" நான் சதுரகிரின்னு சொன்னேன். உடனே அவன் சட்டை, டவுசர் எல்லாத்தையும் கழட்டி அக்குள், முட்டிக்குப் பின்னாடி, தொடை இடுக்குன்னு தேடுனாங்க. கடைசில அரைஞாண் கயித்த தூக்குனாங்க. அதுக்கு அடியில கறுப்பா ஒரு பொருக்கு, பீடி சுட்ட மாதிரி, சுத்தி சிவப்பு. வலியே இல்லயாம். தினமும் குளிப்பாட்டுற நான் பாக்கல, கயித்துக்கு அடியில இருந்ததால.

உண்ணிக் காய்ச்சல். நாய்க்கு இருக்குமே அந்த உண்ணி இல்ல, கண்ணுக்கே சரியா தெரியாத பூச்சியோட குஞ்சு, புதர்லயும் சருகுலயும் இருக்கும், துணி இறுக்கமா படுற இடமா பாத்து கடிக்கும். ரத்தம் எடுத்தாங்க, ஆனா ரிசல்ட்டுக்கு காத்திருக்காம மருந்த ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டே நாள்ல காய்ச்சல் விட்டுருச்சு. இன்னைக்கு காலையில தோசை கேட்டான். ரெண்டு தோசை. நான் அடுப்படியில நின்னு அழுதேன்.

இத விட்டு வச்சா நுரையீரல், மூளைன்னு போகுமாம். அதனால மலைக்குப் போயிட்டு வந்து மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட நீங்களே முந்திக்கிட்டு "காட்டுக்குப் போனோம்"னு சொல்லிருங்க. முதல் கிளினிக்ல அவங்க கேக்கல, நானும் சொல்லல.

எங்க கடிச்சிருக்கும்னு யோசிச்சுப் பாத்தேன். பாப்பாவுக்கு துணி மாத்துன அந்த நிழல். முக்கால் மணி நேரம். இவன் சருகுக் குவியல்ல மெத்தை மாதிரி விழுந்து விழுந்து விளையாடுனான், எனக்கு இருந்த பதட்டத்துல விளையாடட்டும்னு விட்டுட்டேன். போட்டோ கூட இருக்கு, சிரிச்சுட்டு இருக்கான்.

9.2.2019

நேத்து எழுதுனத திருத்துறேன், மலை மேல முழுப் பழியும் போட்ட மாதிரி ஆயிருச்சு. டாக்டரம்மாகிட்ட இன்னைக்கு கேட்டேன், எங்க வீட்டுக்குப் பின்னாடி கருவேலங்காட்டுலயும் இது இருக்கும், இந்த மாசங்கள்ல நிறைய வருதுன்னு சொன்னாங்க. அவன் தினமும் பந்து எடுக்க அங்கதான் போறான். ஆக எங்க கடிச்சுச்சுன்னு சாமிக்குத்தான் தெரியும். ஆனா செய்ய வேண்டியது ஒண்ணுதான்: சருகுல நேரா உக்காரக் கூடாது, பெட்ஷீட் விரிச்சு உக்காரணும், முழுக்கால் பேன்ட்ட சாக்ஸுக்குள்ள விடணும், வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, போட்டிருந்த துணிய சுடுதண்ணியில ஊற வைக்கணும். அரைஞாண் கயித்த தூக்கிப் பாக்கணும்.

12.2.2019

இல்ல, இன்னும் ஒண்ணு சொல்லாம விட்டிருக்கேன். இத அவர்கிட்டயும் பேசல, அவரும் என்கிட்ட பேசல.

இறங்குறப்ப வழுக்குப்பாறைக்கு கொஞ்சம் முன்னாடி வரைக்கும் பாப்பா அவர் முதுகுலதான் இருந்துச்சு. சிணுங்குச்சுன்னு நான் வாங்கி பால் குடுத்துட்டு, பரவால்ல நானே வச்சிருக்கேன்னு முன்னாடி கட்டிக்கிட்டேன். பைய அவர் முதுகுல மாட்டுனாரு. ஒரு நூறு அடி போயிருப்போம். அவர் கால் சறுக்கி பின்னாடி அப்படியே மல்லாக்க விழுந்தாரு. பை அடியில. பைக்குள்ள இருந்த எவர்சில்வர் தூக்குவாளி நசுங்கிருச்சு. எழுந்து தட்டி விட்டுட்டு "ஒண்ணும் இல்ல"ன்னு நடந்தாரு. நானும் ஒண்ணும் சொல்லல. அந்தத் தூக்குவாளிய இன்னும் தூக்கிப் போடாம பரண்ல வச்சிருக்காரு.

ஏறுறப்ப கால் சறுக்குனா முன்னாடி விழுவோம், கை ஊனலாம். இறங்குறப்ப சறுக்குனா பின்னாடிதான் விழுவோம். முதுகுல பிள்ளை இருந்தா பிள்ளை மேல விழுவோம். ஈரப் பாறையில பக்கவாட்டுல நண்டு மாதிரி இறங்கணும், கம்ப கீழ ஊனிட்டு அப்புறம் கால், முடியாதுன்னா கௌரவம் பாக்காம உக்காந்து தேச்சுக்கிட்டே இறங்கணும். இதெல்லாம் இப்ப தெரியுது. இறங்குறப்ப பெரியவனுக்கும் முட்டி ஆடிருச்சு, கடைசி ஒன்றரை மணி நேரம் மாமா தோள்லதான் வந்தான், அவருக்கு 58 வயசு. அவர் உச்சி போயிட்டு வந்து எங்களை எட்டிப் புடிச்சு, அதுக்கு மேல இவனையும் சுமந்தாரு. நாங்க பாதியில திரும்பாம இருந்திருந்தா இருட்டுல வந்திருப்போம்.

முதல் நாள் "ஒண்ணும் ஆகல"ன்னு எழுதுனேன் பாருங்க.

13.2.2019

அதனால என் பதில மாத்திக்கிறேன். 8 மாசப் பையனோட வேணாம். உங்க மாமனார் சொல்றது உண்மைதான், எங்க அய்யாவும் எங்கப்பாவ தோள்ல வச்சு ஏறுனவருதான். ஆனா அவங்க ஒரு வீட்ல பத்துப் பேரு போவாங்க, பிள்ளை கை மாறிக்கிட்டே போகும், காட்டு வேலை செஞ்ச காலு, வழியில தங்கி ரெண்டு மூணு நாள் கழிச்சு இறங்குவாங்க. நாம வெள்ளிக்கிழமை வரைக்கும் நாற்காலியில உக்காந்துட்டு ஞாயித்துக்கிழமை ஏறி, சாயங்காலத்துக்குள்ள இறங்கணும்.

அதுவும் சிவராத்திரிக்கு வேணவே வேணாம். கூட்டம் ஒண்ணு. மாசி, பங்குனியில காடு காஞ்சு கிடக்கும். போன வருசம் மார்ச் 11 குரங்கணி காட்டுத் தீயில என்ன ஆச்சுன்னு மறந்துருக்க மாட்டீங்க, அதுவும் இதே மலைத் தொடர்தான். மழை வந்தா வேற கதை: 2015 மே மாசம் அமாவாசைக்குப் போனவங்க திடீர்னு வந்த ஓடை வெள்ளத்துல மாட்டி சில பேர் செத்தாங்க. கீழ வெயிலடிக்கும், மேல மலையில கொட்டும், சருகும் செம்மண்ணுமா தண்ணி நெறம் மாறுனா அடுத்து வெள்ளம்தான். பெரிய ஆளே நிக்க முடியாது, பிள்ளைய வச்சுக்கிட்டு ஓடைய கடக்கலாம்னு நினைக்கவே கூடாது.

பொண்ணுக்கு ஆசை இருந்தா தை மாசம் மாதிரி நேரத்துல, ஏற ஆரம்பிச்சதும் வர்ற மாங்கனி ஓடை வரைக்கும் கூட்டிட்டுப் போயி தண்ணியில காலை நனைக்க விட்டு திரும்பிருங்க. அதுவே அவளுக்கு சதுரகிரி. சின்னவன் பாட்டி வீட்ல இருக்கட்டும், வர்ற வழியில ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா வாங்கிட்டு வந்து பாட்டிய சமாதானப்படுத்துங்க.

15.2.2019

"டோலியில உக்காரலாமே"ன்னு ஒருத்தர். உக்காரலாம், வயசானவங்கள தூக்கிட்டுப் போறத பாத்தேன். கைக்குழந்தைய மடியில வச்சு ஆடுற டோலியில பாறை மேல போக எனக்கு தைரியம் இல்ல. உங்களுக்கு இருந்தா கும்புடுறேன்.

10.3.2019

கேள்வி கேட்டவங்க தனியா மெசேஜ் பண்ணிருந்தாங்க. போகலயாம். மாமனார் மட்டும் போயிட்டு வந்து திருநீறு கொடுத்தாராம், மூட்டு வலியில நாலு நாளா படுத்திருக்காராம். சிரிக்கக் கூடாது, சிரிச்சுட்டேன்.

14.3.2021

யாரோ இந்தப் பழைய இழைய தோண்டி எடுத்து "இப்ப விடுறாங்களா"ன்னு கேட்டிருக்காங்க. கொரோனாவுக்கு அப்புறம் 10 வயசுக்கு கீழ, 60 வயசுக்கு மேல மலைக்கு விடுறதில்லன்னு சொல்லிட்டாங்க, போறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. போன மாசம் அந்தக் காடு மேகமலையோட சேத்து புலிகள் காப்பகமும் ஆயிருச்சு. ஆக நான் வளவளன்னு எழுதுன கேரியர் ஆராய்ச்சி எல்லாம் இப்போதைக்கு சதுரகிரிக்கு ஆகாது, வேற மலைக்கு ஆகும்.

மாமாவுக்கு 60 ஆயிருச்சு. பெரியவனுக்கு 7. 2023 கார்த்திகைல 10 ஆகும்னு காலண்டர்ல இல்லாத வருசத்துக்கு கணக்குப் போட்டு வச்சிருக்கான், அப்ப தாத்தாவ விட மாட்டாங்களேன்னு நேத்து ராத்திரி கேட்டான், மாமா டிவி சத்தத்த கூட்டிட்டாரு. பாப்பா நான் மலைக்கே போனதில்லன்னு அழுதா. "நீ போயிருக்க, அணில் வந்தப்ப தூங்கிட்ட"ன்னான் அவன்.